வேலியும் விளையும் கடல் வயல்
(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன் ஒருவன்)

"அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது?" என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்வார். ஓயாத ஒன்றைச் சாக்காகக் காட்டி, செய்ய வேண்டிய வேலையைத் தள்ளிப் போடுகிறவனைக் குத்திக் காட்டும் பழமொழி அது. இன்று உலகெங்கும் பொறியியல் அறிஞர்கள் கடற்கரையில் நின்றுகொண்டு இதே கேள்வியைத்தான் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். கடலின் மேல் சூரியத் தகடுகளைப் பரப்பி மின்சாரம் எடுக்க வேண்டும். ஆனால் அலை ஓயாது. என்ன செய்வது? சிலர் புதிய விடை ஒன்றைச் சொல்கிறார்கள்: அலை ஓய வேண்டாம். அந்த அலையையே பிடித்து வேலை வாங்குவோம். அப்படி வாங்கும்போதே அது அடங்கிவிடும்!

இந்தக் கருத்தை என் சக மாணவர்களுக்கு எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

விருத்தாசலத்துக்காரனுக்குக் கடலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்தாலே திருவிழாவாகக் கொண்டாடுகிறவர்கள் நாம். கடலூர்க் கடற்கரை நமக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. என் தந்தையார் நம் ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை செய்கிறவர். நெருப்பை அறிந்த குடும்பம் எங்களுடையது, நீரை அறிந்ததன்று. ஆனால் என் வகுப்புத் தோழன் ஒருவன் கடலூருக்குத் தெற்கே உள்ள மீனவக் குப்பத்திலிருந்து வருகிறவன். மாசி மகம் முடிந்த வாரத்தில் அவன் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கே கேட்ட ஒரு கேள்விதான் என்னை எழுத வைத்தது. அந்தக் கேள்வியைக் கட்டுரையின் இறுதியில் சொல்கிறேன்.

கடலுக்குப் போவானேன்?

சூரிய மின் நிலையம் அமைக்க நிலம் வேண்டும். ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் நான்கு ஏக்கர் என்பது தரையில் வழக்கமான கணக்கு. மின்சாரத்துக்கும் நிலத்துக்கும் உள்ள உறவு நம் மாவட்டத்தாருக்குப் புதிதன்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது. அந்தச் சுரங்கங்கள் தென்னாட்டுக்கு ஒளி தந்தன. அவற்றுக்கு இடம் தந்தவை வயல்களும் ஊர்களும். சூரிய ஒளி புகை கக்காது என்பது உண்மைதான். ஆனாலும் விளைநிலத்தின் மேல் தகடு விரித்தால் அங்கே நெல் விளையாது.

ஆகவே தண்ணீரின் மேல் தகடுகளை மிதக்கவிடும் வழி வந்தது. தூத்துக்குடியில் ஸ்பிக் உர ஆலையின் நீர்த்தேக்கத்தில் 62 ஏக்கர் பரப்பில் 25.3 மெகாவாட் மிதவை நிலையம் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தெலங்கானாவின் ராமகுண்டத்தில் 100 மெகாவாட் நிலையமும், கேரளத்தின் காயங்குளத்தில் 92 மெகாவாட் நிலையமும் முழுமையாக இயங்கத் தொடங்கின. தண்ணீரின் குளிர்ச்சியால் தகடு சற்றுக் கூடுதலாக மின்சாரம் தரும். தகட்டின் நிழலால் தண்ணீர் ஆவியாவது குறையும். இரட்டை நன்மை!

ஆனால் ஏரி குளங்களுக்கு எல்லை உண்டு. தமிழ்நாட்டுக்கோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உண்டு. நெதர்லாந்து நாட்டார் 2019ஆம் ஆண்டிலேயே வட கடலில் சிறிய மிதவை நிலையம் ஒன்றை இறக்கிப் பார்த்தார்கள். சீனத்தில் 2024 நவம்பரில், கடலடியில் தூண்கள் நட்டு அவற்றின் மேல் தகடு பரப்பிய ஒரு பெரும் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. தூண் நட ஆழம் குறைவாக இருக்க வேண்டும். ஆழமான இடத்தில் மிதப்பதைத் தவிர வேறு வழியில்லை. மிதந்தாலோ அலை வந்து நிற்கும்.

அலை செய்யும் கேடு

சாதாரண நாளில் நம் கடலில் ஆறு வினாடிக்கு ஓர் அலை வருவதாக வைத்துக் கொள்வோம். ஒரு நாளைக்கு 14,400 அலைகள். ஓர் ஆண்டுக்கு 52 லட்சத்துக்கும் மேல்! ஒவ்வோர் அலையும் மிதவைகளின் மூட்டுகளை ஒருமுறை மேலும் கீழும் வளைக்கிறது. ஓர் இரும்புக் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரே இழுப்பில் அறாத கம்பி, பலமுறை வளைத்ததும் பட்டென்று முறிகிறது. இதை உலோகக் களைப்பு என்பார்கள். கடல் மிதவைகளுக்கு முதல் எதிரி புயல் அன்று, இந்தக் களைப்புதான்.

மூட்டே இல்லாமல் ஒரே பலகையாகச் செய்தால் என்ன? அலையின் முகடு பலகையின் நடுவில் நிற்கும்போது இரு முனைகளும் தொங்கும். முகடுகள் இரு முனைகளிலும் நிற்கும்போது நடுப்பகுதி தொய்யும். பலகை பெரிதாகப் பெரிதாக இந்த வளைவு மிகும்.

உப்பு நீர்த் தெறிப்பு, தகட்டின் மேல் உப்புப் படிவு, அடியில் ஒட்டி வளரும் சிப்பி, பறவை எச்சம் இவையெல்லாம் தனி. அலை இல்லாத நீர்நிலையில்கூட விபத்து நேர்ந்திருக்கிறது. ஜப்பானின் சிபா மாவட்டத்தில் யமகுரா அணைத் தேக்கத்தின் மேல் ஐம்பதாயிரம் தகடுகளுடன் 13.7 மெகாவாட் நிலையம் ஒன்று மிதந்தது. 2019 செப்டம்பரில் ஃபாக்சாய் சூறாவளி வீசியபோது நங்கூரப் பிணைப்புகள் அறுந்தன. மிதவைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு ஏறி, தீயும் பற்றிக்கொண்டது. தேக்கத்திலேயே இந்த நிலை என்றால் திறந்த கடலில் என்ன ஆகும்?

அலை என்பது என்ன?

அலை என்றால் தண்ணீர் ஓடி வருகிறது என்று நினைக்கிறோம். அது கண்ணின் மயக்கம். ஒரு தேங்காயை மிதக்கவிட்டுப் பாருங்கள். அலை கடந்து போகும். தேங்காயோ ஒரு வட்டம் சுற்றிவிட்டு ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கும். ஓடி வருவது தண்ணீரன்று, ஆற்றல்.

அந்த வட்டம் மேற்பரப்பில் பெரிதாகவும், கீழே போகப் போகச் சிறிதாகவும் இருக்கும். ஆறு வினாடி அலையின் நீளம் ஆழ்ந்த நீரில் சுமார் 56 மீட்டர். அதில் பாதி ஆழத்துக்கு, அதாவது 28 மீட்டருக்குப் போனால் அசைவு மேற்பரப்பில் உள்ளதில் 4 சதவீதமாகக் குறைந்துவிடும். அலை நீளத்தில் பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளேயே ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் அடங்கிவிடுகிறது. எனவே அலையைத் தடுக்கக் கடலடி வரை சுவர் எழுப்ப வேண்டியதில்லை. மேலே ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்கு ஒரு வேலி மிதந்தால் பெரும்பகுதிக்கு அது குறுக்கே நிற்கும்.

ஒரு சிக்கலும் உண்டு. தொலைவிலிருந்து வரும் பத்து வினாடிப் பேரலையின் நீளம் 156 மீட்டர். அதே ஆறு மீட்டர் வேலி அந்த அலையின் ஆற்றலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குக்கூடக் குறுக்கே நிற்காது. அன்றியும் மிதக்கும் வேலி தானும் அலையோடு சேர்ந்து ஆடும். ஆடும் வேலி பின்புறத்தில் புது அலையை உண்டாக்கும். ஆகவே சாதாரண மிதவைத் தடுப்புகள் நான்கைந்து வினாடிக்கு உட்பட்ட சிற்றலைகளுக்கே நன்கு பயன்படுகின்றன.

அலையின் வலிமை எவ்வளவு? உயரத்தின் இருமடியையும் கால இடைவெளியையும் பெருக்கி, அதில் பாதி எடுத்துக் கொண்டால், ஒரு மீட்டர் அகலத்தில் வரும் ஆற்றல் கிலோவாட்டில் ஏறத்தாழக் கிடைக்கும். ஒரு மீட்டர் உயர, ஆறு வினாடி அலை 3 கிலோவாட் கொண்டுவரும். இரண்டு மீட்டர் உயர, ஏழு வினாடி அலை 14 கிலோவாட். ஐந்து மீட்டர் உயர, பத்து வினாடிப் புயல் அலையோ 120 கிலோவாட்டுக்கும் மேல்! அன்றாடம் நாற்பதில் ஒரு பங்கு வேலை செய்யும் யந்திரம், புயலன்று நாற்பது மடங்கு அடியையும் தாங்க வேண்டும். அலை மின்சாரம் இன்னும் விலை குறையாமலிருப்பதன் இரகசியம் இதுவே.

வரவும் செலவும்

வேலியை நோக்கி வரும் ஆற்றலுக்கு நான்கு வழிகள்தாம் உண்டு. திரும்பிப் போகலாம்; வேலியைக் கடந்து போகலாம்; நுரையாகச் சிதறி வெப்பமாகலாம்; அல்லது யந்திரத்தைச் சுழற்றலாம். நான்கையும் கூட்டினால் வரவுக்குச் சமமாக வேண்டும். மளிகைக் கடைக் கணக்கைப் போன்றதுதான்.

இப்போது ஒரு கிரிக்கெட் பந்தை நினையுங்கள். பந்து சுவரில் பட்டு அதே வேகத்தில் திரும்பினால், கையில் பிடித்து நிறுத்துவதைப்போல் இரு மடங்கு உந்துதல் சுவருக்குக் கிடைக்கும். அலைக்கும் இது பொருந்தும். அலையை முழுவதும் திருப்பியனுப்பும் வேலியின் நங்கூரம் தாங்கும் சராசரித் தள்ளுவிசை, அலையை முழுவதும் விழுங்கும் வேலி தாங்குவதைப்போல் இரு மடங்கு. ஆக, ஆற்றலை உறிஞ்சும் வேலி மின்சாரம் தருவதோடு தன் நங்கூரச் சங்கிலியின் பளுவையும் குறைத்துக்கொள்கிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வேலியைக் கடந்துவரும் அலையின் உயரம் பாதியாகக் குறைந்தாலே அதன் ஆற்றல் கால் பங்காகிவிடும். தகடுகளுக்குக் குளத்தைப்போன்ற அமைதி தேவையில்லை. பாதி உயரம் குறைந்தாலே மூட்டுகளின் ஆயுள் வெகுவாக நீளும்.

முன்னோடிகள்

அலையிலிருந்து ஆற்றல் எடுப்பது கனவன்று. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சால்ட்டர், 1970களில் எண்ணெய் நெருக்கடி வந்தபோது வாத்து வடிவ மிதவை ஒன்றை அமைத்தார். அதன் முன்புறம் அலைக்கு ஏற்றபடி தலையாட்டும். பின்புறம் வட்டமாக இருப்பதால் ஆடினாலும் புது அலையை எழுப்பாது. சோதனைத் தொட்டியில் அதன் பின்னால் தண்ணீர் ஏறக்குறைய அசையாமல் நின்றது. அமைதியும் ஆற்றலும் ஒரே யந்திரத்தின் இரு பக்கங்கள் என்று உலகுக்கு உணர்த்தியது அந்த வாத்துதான்.

நம் நாடும் பின்தங்கவில்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 1980களில் ஆராய்ந்து, திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில் மீன்பிடித் துறைமுகத் தடுப்புச் சுவரின் அருகே 150 கிலோவாட் அலை மின் நிலையம் ஒன்றை நிறுவினார்கள். 1991இல் அது இயங்கத் தொடங்கியது. கடலில் நிறுத்திய பெரிய கான்கிரீட் அறை. கீழே வாய் திறந்திருக்கும். அலை ஏறும்போது அறைக்குள் தண்ணீர் ஏறி, மேலுள்ள காற்றை வெளியே தள்ளும். அலை இறங்கும்போது காற்று உள்ளே இழுபடும். காற்று போகும் வழியிலும் வரும் வழியிலும் ஒரே திசையில் சுழலும் விசிறி ஒன்று உண்டு. பெல்ஃபாஸ்டில் பணியாற்றிய ஆலன் வெல்ஸ் என்பவர் கண்டறிந்தது அது. பிற்காலத்தில் அந்த நிலையத்தின் ஆற்றலைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கியும் பார்த்தார்கள். இன்று அந்த நிலையம் இயங்கவில்லை. அது கற்றுத் தந்த பாடம் நிற்கிறது.

இந்தச் 'சுவாசிக்கும் அறை'யை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டியின் அடிப்பாகத்தை அறுத்துவிட்டு, மூடியில் சிறு துளை இடுங்கள். வாளி நீரில் பாதி அமிழும்படி நேராகப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் அலை எழுப்புங்கள். துளையருகே கன்னத்தை வைத்தால் புட்டி மூச்சுவிடுவது தெரியும். எங்கள் ஆய்வகத்தில் இதைச் செய்தபோது முதலாமாண்டு மாணவர்கள் வரிசையில் நின்று கன்னத்தை நீட்டினார்கள்!

ஸ்பெயினின் முத்ரிக்கு என்ற மீனவ ஊரில் 2011இல் தடுப்புச் சுவருக்குள்ளேயே 16 காற்றறைகளை அமைத்து, 296 கிலோவாட் நிலையம் ஒன்றைத் திறந்தார்கள். துறைமுகத்துக்குச் சுவர் எப்படியும் தேவை. அந்தச் சுவருக்குள் மின் நிலையத்தை ஒளித்து வைத்துவிட்டார்கள். நம் தூத்துக்குடிக் கடலிலும், கரையிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில், 20 மீட்டர் ஆழத்தில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தார் 2022 நவம்பரில் 'சிந்துஜா-1' என்ற அலை மின் மிதவையைச் சோதித்தார்கள். அது தந்தது 100 வாட்தான். ஆயினும் முதல் அடி முதல் அடியே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நூறு மீட்டர் நீளமும் நூறு மீட்டர் அகலமும் உள்ள ஒரு கடல் வயல். அதில் ஒரு மெகாவாட் சூரியத் தகடுகள். இரவு, மேகம் எல்லாம் கழித்துச் சராசரி பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,500 யூனிட். கடல் பார்த்த பக்கத்தில் நூறு மீட்டர் வேலி. ஒரு மீட்டர் உயர அலை அதற்கு 300 கிலோவாட் கொண்டுவரும். அதில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு மின்சாரமானாலும் 45 கிலோவாட். இரவும் பகலும் சேர்த்து நாளைக்கு 1,080 யூனிட். தகடு தருவதில் கால் பங்குக்கு அருகே வருகிறது.

இது பெரிய தொகையன்று. அலை மின்சாரத்தை மட்டும் நம்பி வேலி கட்டினால் முதல் திரும்பாது. ஆனால் தகடுகளைக் காக்க வேலி எப்படியும் வேண்டும். அந்த வேலி செலவாக மட்டும் நிற்காமல் சிறிது வருமானமும் தருகிறது. சூரியன் இல்லாத இரவிலும் அலை வரும். ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடிக் கிடக்கும் நாள்களில்தான் நம் கடல் கொந்தளிக்கிறது. ஒன்று தளரும்போது மற்றொன்று தோள் கொடுக்கும். வேலியே பயிரை மேய்ந்த கதை நமக்குத் தெரியும். இது வேலியும் விளையும் கதை!

ஆனால் புயலை மறக்கக்கூடாது. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. நான் அப்போது சிறுவன். மறுநாள் விடிந்தபோது எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்ததும், பெரியவர்கள் பேச்சின்றி நின்றதும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. கடல் கடந்து இத்தனை தூரம் வந்தும் அந்த வலிமை! நார்வே நாட்டில் கரையோரம் நின்ற அலை மின் நிலையம் ஒன்றை 1988 டிசம்பர்ப் புயல் பெயர்த்தெறிந்தது. எனவே புயலன்று மின்சாரம் எடுக்கும் ஆசையை விட்டு, காற்றறையின் வால்வைத் திறந்து அழுத்தத்தைப் போக்கித் தப்பிப் பிழைக்கும் உபாயமும் வேலிக்கு வேண்டும்.

நம் ஊரின் பங்கு

இதில் பீங்கான் ஊருக்கு என்ன பங்கு? நம் சூளைகளில் வேகும் பொம்மைகளையும் பியூஸ் கட்டைகளையும் இன்சுலேட்டர்களையும் நாம் அன்றாடம் காண்கிறோம். கடற்கரை மின்கம்பங்களில் உள்ள இன்சுலேட்டரின் மேல் உப்பு படியும். பனி விழுந்தால் அந்த உப்பு கரைந்து மின்சாரம் கசியும் பாதையாகும். அதனால்தான் கடலோரத்துக்கு மடிப்புகள் மிகுந்த, மேற்பரப்பு நீண்ட இன்சுலேட்டர்கள் தேவைப்படுகின்றன. இன்னொரு வகைப் பீங்கானும் உண்டு. எரிவாயு அடுப்பைப் பற்றவைக்க 'டிக்' என்று அழுத்துகிறோமே, அதனுள் இருப்பது அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு சிறு பீங்கான் துண்டுதான். அலை தரும் அழுத்தத்தால் அது பெருமின்சாரம் தராது; ஆனால் நங்கூரச் சங்கிலியின் இழுவிசையை அளந்து ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் உணர்கருவிக்கு அது போதும். மண்ணைப் பிசைந்த கைகளுக்குக் கடலிலும் வேலை உண்டு.

அந்தக் கேள்வி

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். தோழன் வீட்டுத் திண்ணையில் நான் காகிதத்தில் கடல் வயலை வரைந்து, இங்கே தகடு, இங்கே வேலி என்று உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். வலை பின்னிக்கொண்டிருந்த அவன் தந்தையார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லா இருக்கு தம்பி. மெதக்குற கட்டைக்கு அடியில மீனு சேரும், அதுவும் நல்லதுதான். ஆனா அந்த வேலிக்குள்ள எங்க படகு வரலாமா, கூடாதா? படத்துல கடலு காலி எடமாத் தெரியுது. எங்களுக்கு அது காலி எடம் இல்லியே."

"அதுக்கும் ஏதாவது ஏற்பாடு செய்வாங்க ஐயா" என்றேன்.

"யாரு?" என்றார் அவர்.

என்னால் விடை சொல்ல முடியவில்லை. வயலுக்குப் பட்டா உண்டு, கடலுக்கு இல்லை. பட்டா இல்லாததால் அது யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடாது. எந்தத் திட்டில் எந்த மாதத்தில் என்ன மீன் கிடைக்கும், வாடைக் காற்றில் படகை எந்த வழியில் கரை சேர்ப்பது என்பதெல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாக எழுதாமல் வைத்திருக்கும் ஆவணம். நிலத்தைக் காப்பதற்காகக் கடலுக்குப் போகிறோம் என்று கட்டுரையின் தொடக்கத்தில் எழுதினேன். உழவனின் வயலைக் காத்து மீனவனின் வயலை எடுத்துக்கொண்டால் நாம் செய்தது என்ன? சுமையைத் தோள் மாற்றியதுதானே!

அன்றிரவே என் படத்தைத் திருத்தினேன். வேலியைத் துண்டு துண்டாகப் பிரித்து, இடையில் படகு போகும் வழி விட்டேன். அதனால் உள்ளே அலை சற்று மிகும். கணக்கில் சில யூனிட்டுகள் குறையும். படகு கரையேறும் துறைகளுக்கு நேரே வயல் வேண்டாம் என்று விலக்கினேன். வேலி அலையை விழுங்கினால் பின்னாலுள்ள கரையில் மணல் சேர்வதும் அரிப்பதும் மாறும் என்பதால், கரையையும் ஆண்டுதோறும் அளக்க வேண்டும் என்று ஓரத்தில் எழுதினேன். மறுநாள் காலையில் அவரிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, என் பேனாவை வாங்கி, நான் விட்ட வழியை அடித்து, சற்றுத் தெற்கே வேறொரு வழி வரைந்தார். "வாடையில இப்படித்தான் வர முடியும்" என்றார்.

மாணவ நண்பர்களே! சமன்பாடுகளை நாம் நூலகத்தில் கற்கலாம். அந்தக் கோட்டை அவரிடம்தான் கற்க முடியும். நம் கடலில் இத்தகைய வயல் ஒன்று அமையும் நாள் வரும். அதை அமைப்பவர்களில் நம் கல்லூரி மாணவரும் இருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. அந்த நாளில் அளவுகோலை எடுப்பதற்கு முன், ஒரு திண்ணையில் போய் உட்காருங்கள்.

அவர் திருத்திய அந்தப் படம் என் குறிப்பேட்டில் பத்திரமாக இருக்கிறது.